சுடுவதற்கு முன்

டெக்சஸில் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட உரிமம் தேவையில்லை. நிலத்துக்காரர் சரியென்றால் போதும். 2019 செப்டம்பர் 1 முதல் இதுதான் சட்டம். உள்ளூர்க்காரர், வெளி மாநிலத்தவர் என்ற பேதம்கூட இல்லை. மானுக்கு உள்ள பருவக்கெடு இதற்குக் கிடையாது, தலைக்கு இத்தனைதான் என்ற வரம்பும் கிடையாது. "பூட்ஸ் மட்டும் வாங்கிக்கொள், மற்றதெல்லாம் என்னிடம் இருக்கிறது" என்றார் ஆஸ்டினில் என்னோடு வேலை செய்யும் நண்பர். ஆஸ்டினிலிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் மைலம் கவுண்டி. அங்கே லிட்டில் ரிவர் ஆற்றை ஒட்டி அவருடைய மாமனாருக்கு மக்காச்சோளக் காடு இருக்கிறது. பிப்ரவரிக் கடைசியில் விதைப்பு தொடங்கிவிடும். அதற்குள் பன்றிகளைக் கொஞ்சமாவது குறைக்க வேண்டுமென்று பெரியவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

ஆனால் எனக்கு உரிமம் தேவைப்பட்டது. காரணம் என் விசா. எச்-1பி மாதிரியான, குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல, பயிற்சிக்களத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் அடங்கும். அந்தச் சட்டத்திலேயே சில விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்காவில் வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. ஆக, பன்றிக்கு உரிமம் வேண்டாம் என்கிறது மாநிலம். அந்தப் பன்றியைச் சுடும் துப்பாக்கியைத் தொட உனக்கு மட்டும் வேண்டும் என்கிறது கூட்டரசு. நண்பர் இதை நம்பவேயில்லை. அவருக்குப் பத்து வயதிலேயே அப்பா ரைஃபிள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். விசா என்ற சொல்லை அவர் கடன் அட்டையில் பார்த்ததோடு சரி.

உரிமம் வேண்டுமென்றால் முதலில் வேட்டைக் கல்வி. 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சஸில் இதை முடித்தாக வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் இணையத்திலேயே படித்துத் தேர்வெழுதலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படித்தேன். எல்லாத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே நினை, முனையை ஆள் இருக்கும் பக்கம் திருப்பாதே, சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும், இலக்கை மட்டும் பார்க்காதே, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பார். பாடத்தின் சாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் மனிதர்கள் எப்படியெல்லாம் தங்களையும் கூட வந்தவர்களையும் சுட்டுக்கொள்கிறார்கள் என்பதன் விரிவுரை. வேலி தாண்டும்போது, மரத்தில் கட்டிய பரணில் ஏறும்போது, வண்டியிலிருந்து ரைஃபிளை இழுக்கும்போது. மிருகத்தால் வரும் ஆபத்துக்கு அதில் ஒதுக்கியிருந்த இடம் சொற்பம்.

சான்றிதழோடு போய் விளையாட்டுச் சாமான் கடையில் உரிமம் வாங்கினேன். டெக்சஸில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து குடியிருப்பவருக்கு 25 டாலர். வெளி மாநிலத்தவருக்கு 315.

ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா பேச்சை மாற்றிவிட்டார். மாமாதான் துருவித் துருவிக் கேட்டார். சத்தியமங்கலத்துப் பக்கம், கடம்பூர் மலைக்குக் கீழே அவருக்கு மானாவாரிக் காடு. மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுவார். பழைய சேலைகளை வரிசையாக வேலியில் கட்டுவது, சலூனிலிருந்து மயிரை மூட்டையாக வாங்கி வந்து வரப்போரம் தூவுவது, பரணில் படுத்து டின் தட்டுவது என்று அவர் செய்யாத வைத்தியமில்லை. சேலையைக் கண்டு பன்றி ஒரு வாரம் மிரளும். அப்புறம் அதன் அடியிலேயே நுழைந்து போகும்.

"அங்க சுட்டா கேஸ் ஒண்ணும் ஆகாதா மாப்ள?"

"ஆகாதுங்க மாமா. சுட்டா சந்தோசப்படுவாங்க."

"அப்ப நாலு பேர இங்கியும் அனுப்பி வெய்யி."

அனுப்பினாலும் அவர் காட்டில் வேலைக்கு ஆகாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற விலங்கு அது. நாங்கள் பேசியதற்கு முந்தைய மாதம், 2025 ஜனவரியில்தான், தமிழக அரசு ஒரு நடைமுறையை அறிவித்திருந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கி.மீ.க்குள் இரண்டும் கிடையாது. மாமாவின் பரணிலிருந்து பார்த்தால் காப்புக்காட்டின் எல்லைக்கல் தெரியும். பன்றிக்கென்று சிலர் திருட்டு மின்வேலி போட்டு அதில் யானை செத்துப்போகிற கொடுமையும் எங்கள் வட்டாரத்தில் புதிதல்ல. அந்தச் செய்தி வரும்போதெல்லாம் மாமா பத்திரிகையை மடித்துத் தூர வைத்துவிடுவார்.

இத்தனைக்கும் இரண்டு ஊர்ப் பன்றியும் ஒரே இனம். நம் ஊரில் அது மண்ணின் மிருகம், டெக்சஸில் வந்தேறி. 1539-இல் ஃபுளோரிடாவில் இறங்கிய ஸ்பானியப் படைத்தலைவர் எர்னாண்டோ தெ சோட்டோ, படைக்கு உணவாகப் பன்றிகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் குடியேறியவர்கள் வீட்டுப்பன்றியைக் காட்டில் அவிழ்த்துவிட்டே வளர்த்தார்கள். 1930-களில் வேட்டைப் பிரியர்கள் ஐரோப்பியக் காட்டுப்பன்றியை டெக்சஸுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். எல்லாம் கலந்து பெருகி, டெக்சஸில் மட்டும் சுமார் 26 லட்சம் இருக்கலாம் என்று டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தார் கணித்திருக்கிறார்கள். 2011-இல் ஹெலிகாப்டரிலிருந்து சுடவே சட்டம் கொண்டுவந்தார்கள். காசு கொடுத்து வானத்தில் பறந்து சுடுகிற வியாபாரம் இப்போது இங்கே நடக்கிறது. எனக்கு அது கட்டோடு பிடிக்கவில்லை.

உரிமம் கைக்கு வந்த பிறகே பயிற்சிக்களம். நண்பரின் ரைஃபிள் ஒரு போல்ட் ஆக்‌ஷன், .308. 100 கஜத்தில் அட்டையை வைத்து, மணல் மூட்டை மேல் ரைஃபிளைக் கிடத்திச் சுட வேண்டும். கண்ணாடி, காதுமூடி இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்கள். சத்தத்தைவிடத் தோளில் வாங்கும் இடிதான் புதியவனைக் கெடுக்கிறது. இடி வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே சுருங்கும். விசையை அழுத்தும் கணத்தில் முனை கீழே இறங்கும். இதைப் பிடிக்க நண்பர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெற்றுத் தோட்டா ஒன்றை எனக்குத் தெரியாமல் போட்டுக் கொடுப்பார். அது வரும்போது வெடிக்காது, ஆனால் முனை துள்ளும். பக்கத்தில் நிற்கிறவர் எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வீட்டில், காலி ரைஃபிளால், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி விசையை மெதுவாக அழுத்தும் பயிற்சியை மட்டும் செய்யச் சொன்னார். ரைஃபிள் அவருடையது, அவர் வீட்டு ஷெட்டில்தான் பழகினேன். என் வீட்டுக்குள் அது வரக்கூடாதென்று என் மனைவி முதல் நாளே சொல்லியாயிற்று.

எங்கே சுடுவது என்பதைப் பெரியவர் தீவனச் சாக்கின் பின்புறத்தில் கரித்துண்டால் வரைந்து காட்டினார். மான் சுட்டுப் பழகியவர்கள் பன்றியைத் தவறவிடுவது இதனால்தான் என்றார். பன்றிக்கு இதயம் முன்னங்கால்களுக்கு நடுவே, நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக, முன்னால் தள்ளி இருக்கிறது. மானுக்குச் சுடும் இடத்தில் சுட்டால் குடலில் பட்டு ஓடி, புதருக்குள் கிடந்து அணு அணுவாகச் சாகும். வயதான ஆண் பன்றிக்குத் தோளில் தோலுக்கடியில் இறுகித் தடித்த ஒரு கவசம் உண்டு. ஆண்கள் தங்களுக்குள் தந்தத்தால் குத்திக்கொள்ளும்போது காப்பது அதுதான். "பெரிய ஆணைப் பார்த்தால் விட்டுவிடு. கறியும் நாறும். நடுத்தரப் பெண்ணாகப் பார்" என்பது அவர் கட்டளை.

பன்றிக்குக் கண் மந்தம். மூக்குதான் எல்லாம். ஆகையால் என் தயாரிப்பின் பெரும்பகுதி வாசனையைத் தொலைப்பதில் போனது. வாசனை இல்லாத சோப்பு, வாசனை இல்லாத துணித்தூள். தலைக்குத் தேங்காயெண்ணெய் கூடாது. வேட்டைக்கென்று வாங்கிய சட்டையை அலமாரியில் மாட்டி வைத்திருந்தேன். பெரியவர் அதை வாங்கி ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, இது என்ன வாசனை என்று கேட்டார். கடுகும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் தாளித்த வாசனை. அமெரிக்காவில் தமிழர் வீட்டுக் குளிர்காலச் சட்டைகள் அத்தனையிலும் அது உண்டு. எங்களுக்கு மூக்கில் ஏறுவதில்லை, அவ்வளவுதான். மனிதவாடை இங்கேயுள்ள பன்றிகளுக்குப் பழக்கம், பெருங்காயம் பழக்கமில்லை என்று சிரித்தவர், சட்டையை வெளியே கொடியில் காயப்போடச் சொன்னார். இதற்கு மேலும் காற்றுதான் தீர்மானிக்கும். ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் பவுடர் வைத்திருப்பார். பிதுக்கினால் புகை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பன்றி வரக்கூடாது. வந்தால் வீட்டுக்குப் போகலாம்.

உண்ணிக்குப் பெர்மெத்ரின் மருந்தைத் துணியில் அடித்து முழுவதும் காயவிட்டுத்தான் உடுத்த வேண்டும். ராட்டில்ஸ்நேக் பாம்புக்கு முழங்கால் வரை கனத்த பூட்ஸ். இவற்றைக் கடையில் வாங்கிவிடலாம். கடையில் கிடைக்காத ஒன்று இருந்தது.

"நீ ஏதாவது மிருகத்தை அறுத்திருக்கிறாயா?" என்று கேட்டார் பெரியவர். நோம்பிக்கு ஆடு வெட்டும்போது காலைப் பிடித்திருக்கிறேன் என்றேன். அது போதாது என்றார். சுட வருகிற பையன்கள் சுட்டதும் படம் எடுத்துக்கொண்டு, கறியை என்னதான் செய்வது என்று விழிப்பார்கள். உடல் வயலிலேயே கிடந்து பருந்துக்குப் போகும். அவர் நிலத்தில் அப்படி நடக்கக் கூடாது. பொறியில் பன்றி விழுந்ததும் கூப்பிடுகிறேன், வந்து அதைச் சுத்தம் செய், அதற்குப் பிறகும் சுட ஆசை இருந்தால் சுடு. இதுதான் அவர் நிபந்தனை.

அந்தப் பொறியைப் பார்த்தால் மாமா அங்கேயே குடியிருந்துவிடுவார். ஆளுயரக் கம்பிச் சட்டங்களை வட்டமாகக் கோத்த பட்டி. ஒரு பக்கம் மேலே தூக்கி நிறுத்திய கதவு, உள்ளே மக்காச்சோளம், கம்பத்தில் கேமரா. கூட்டம் உள்ளே வந்ததும் பெரியவரின் செல்போனுக்குப் படம் வரும். நள்ளிரவில் படுக்கையில் இருந்தபடியே ஒரு பொத்தானைத் தட்டினால் கதவு விழும். அவசரப்பட்டால் கெட்டது. கூட்டத்தில் ஒன்று வெளியே நின்றாலும் அது பார்த்துக்கொள்ளும், பிறகு அந்தப் பக்கமே வராது, குட்டிகளையும் வரவிடாது. ஒரு கிழட்டுத் தாய்ப்பன்றி அப்படித் தன்னை ஏமாற்றிக்கொண்டே இருப்பதாக அவர் சொன்னபோது எனக்கு நற்றிணைதான் நினைவுக்கு வந்தது. தினைப்புனத்துப் பொறிக்குள் நுழையப்போன பன்றி, பக்கத்தில் பல்லி சொல்லக் கேட்டு, மெல்லப் பின்வாங்கித் தன் கல்லளைக்கே திரும்பிவிடும் காட்சி அதில் உண்டு. பாடிய புலவர் நிச்சயம் ஒரு நாளாவது பொறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். பெரியவருக்கு அந்தப் பாட்டைச் சொன்னேன். பல்லி சகுனத்தை விளக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. "அப்போதே அவ்வளவு விவரமாக இருந்திருக்கிறதா அது?" என்று மட்டும் கேட்டார்.

பொறி விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. நான் போய்ச் சேருமுன் பெரியவர் சுட்டு முடித்திருந்தார். எனக்கென்று ஒன்றை ஷெட்டில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார். முதலில் கையுறை, இரண்டு அடுக்கு. கண்ணுக்குக் கண்ணாடி. காட்டுப்பன்றியின் ரத்தத்திலும் உறுப்புகளிலும் புரூசெல்லா கிருமி இருக்கலாம். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் அதன் வழியே நமக்கு ஏறும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் படுத்தும். கறியை உறையவைத்தாலும் அது சாகாது, வேகவைத்தால் சாகும். உட்புறம் 71 டிகிரி செல்சியஸ் ஏற வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அளவு. நுண்ணுயிரியின் பெயரைப் பெரியவர் தவறாமல் உச்சரித்தார். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவருக்கு அது வந்திருக்கிறது.

ஆட்டுத்தோல் இழுத்தால் கையோடு வரும். பன்றித்தோல் வராது. கொழுப்பு தோலோடு ஒட்டியிருப்பதால் ஒவ்வொரு விரற்கடையையும் கத்தியால் பிரித்தெடுக்க வேண்டும். குடலை எடுக்கும்போது கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்க வேண்டும், இரண்டு விரல் அதற்குக் கீழே காவல் போக வேண்டும். குடல் கிழிந்தால் கறி போயிற்று. ரத்தவாடை எனக்குப் பெரிதாகப் படவில்லை. உடம்பு சூடாக இருந்ததுதான் என்னவோ செய்தது. வெளியே குளிர், கையுறைக்குள் விரல்கள் அந்தச் சூட்டில் கதகதப்பாக இருந்தன. அது பிடித்திருந்தது என்பதை நினைத்துக் கொஞ்ச நேரம் கத்தியைக் கீழே வைத்தேன். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தொடைச்சந்தை எப்படிப் பிரிப்பதென்று காட்டினார்.

முடித்ததும் ஐஸ் பெட்டி. டெக்சஸில் பிப்ரவரியிலேயே சில நாள் பகல் வெயில் தீய்க்கும்; சீக்கிரம் குளிர்விக்காத கறி எலும்பையொட்டிக் கெடும். பெட்டியின் அடித்துளையைத் திறந்து வைக்க வேண்டும்; உருகிய நீரில் கறி ஊறக்கூடாது. பெரிய பெட்டியாக வாங்கி வா, துப்பாக்கியைவிட அது முக்கியம் என்றார்.

எங்கள் வீட்டில் மனைவி பன்றிக்கறி சாப்பிட மாட்டாள். அதற்கென்று தனிச் சட்டி, தனிக் கத்தி, கராஜில் ஓர் அடுப்பு என்று ஒப்பந்தமாயிற்று. அந்தக் கறியைப் பள்ளிபாளையம் கோழி செய்கிற பக்குவத்தில், சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு நன்றாக வேகவிட்டு வறுத்தேன். 71 டிகிரியை எப்போதோ தாண்டியிருக்கும். அமெரிக்கர்கள் வெப்பமானியைக் குத்திக் குத்திப் பார்ப்பதை நம் சமையலில் அடுப்பே பார்த்துக்கொள்கிறது.

வேட்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆற்றோரப் பெக்கான் மரங்களுக்கு எதிரே பலகைக்கூண்டில் உட்கார்ந்தோம். முதல் நாள் மாலை காற்று திரும்பிவிட்டது. மரங்களுக்குள் ஓர் உறுமல், கிளைகள் முறியும் சத்தம், அவ்வளவுதான். மறுநாள் விடியலில் ஐந்தாறு வந்தன. ஓரமாக நின்ற நடுத்தரப் பெண், பின்னால் மண்மேடு. நண்பர் தலையசைத்த பிறகு சுட்டேன். இரண்டு எட்டு வைத்து விழுந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கியபோது எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பெரியவர் கணக்கில் அந்த ஒன்று சேராது. பன்றிகள் பெருகாமல் இருந்த அளவிலேயே நிற்க வேண்டுமானால், ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்கை எடுத்தாக வேண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ரைஃபிளால் அது ஆகாது. ஒன்றைச் சுட்டால் மற்றவை பக்கத்துக் காட்டுக்கு இடம்பெயரும். பொறி மொத்தக் கூட்டத்தையும் எடுக்கும். விதைத்த இரவே சால் சாலாக மோந்துகொண்டு போய் ஒவ்வொரு விதையாகத் தோண்டித் தின்னும் கூட்டத்தைப் பொறிதான் நிறுத்தியது. ஆகவே விவசாயிக்கு உதவப்போகிறேன் என்று சொல்லி யாரும் துப்பாக்கி எடுக்க வேண்டாம். கறிக்காக வரலாம்.

ஆஸ்டின் தமிழ் நண்பர்கள் சிலர் அடுத்த முறை தங்களையும் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். உரிமத்தோடு வாருங்கள், பெரிய ஐஸ் பெட்டியோடு வாருங்கள். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை பெரியவரின் ஷெட்டில் கத்தி பிடிக்க வேண்டியிருக்கும். சுட்டு, படம் எடுத்து, அப்படியே போட்டுவிட்டு வர நினைப்பவர்களை நான் கூட்டிப்போவதில்லை.